அவர் சாப்பிட்டு எழுந்த இலை

ரங்கூன் நாற்றத்தைப் பற்றி எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னவர்கள் எல்லாரும் மின்சார விளக்கைச் சொன்னார்கள், டிராம் வண்டியைச் சொன்னார்கள். கியாக்டடாப் பேட்டையில் நாங்கள் குடியிருந்த மாடி அறையின் பின்ஜன்னலைத் திறந்தால் ஒரு சந்து. தெருவில் உள்ள அத்தனை வீட்டுக் கக்கூஸ் வாளிகளும் அந்தச் சந்தில்தான் உட்கார்ந்திருக்கும். முன்ஜன்னலைத் திறந்தால் கீழே நாப்பிக் கடை. மீனை அழுகவிட்டு, உப்புப் போட்டு இடித்து, மறுபடியும் அழுகவிட்டால் அதற்குப் பெயர் நாப்பி. பர்மாக்காரர்களுக்கு அது இல்லாமல் சோறு இறங்காது. எனக்கு அது இருக்கும் தெருவில் மூச்சே இறங்காது. இரண்டு ஜன்னலையும் சாத்தினால், கொடியில் தொங்கும் என் வீட்டுக்காரரின் வேர்வைச் சட்டை நாறும்.

ஆகவே வாந்தி எடுத்தேன். கப்பலில் தொடங்கியது கரை இறங்கியும் நிற்கவில்லை. பக்கத்து அறை வேலம்மா, "விசேஷமா நீலாம்பா?" என்று சிரித்தாள். விசேஷமும் இல்லை, மண்ணும் இல்லை. கலியாணம் முடிந்த நாலாம் மாதம் பர்மாவுக்குக் கப்பலேறிய மனிதரை ஆறு வருஷம் கழித்து இப்போதுதான் பார்க்கிறேன். விசேஷத்துக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

என் வீட்டுக்காரர் சபாபதி, பசுண்டாங் ஓடைக்கரையில் ஓர் அரிசி ஆலையில் கணக்கெழுதும் கிராணி. வெள்ளைச் சட்டை, குடை, வாய் நிறைய வெற்றிலை. என்னை அவர் கூப்பிட்டு நான் வரவில்லை. அண்ணன்தான் என்னை நாகப்பட்டினத்துக்கு அழைத்துப் போய், தெரிந்த குடும்பம் ஒன்றோடு கப்பலில் ஏற்றிவிட்டார். ஏற்றிவிடும்போது, "இனிமே அதுதான் உன் வீடு. திரும்பி வந்தா அவரோடதான் வரணும்" என்றார். அண்ணி பின்னால் நின்று மண்டையை மண்டையை ஆட்டினாள். தனியாகத் திரும்பிப் போனால் எங்கள் ஊரில் எனக்குக் காத்திருக்கும் பெயர் வாழாவெட்டி. அந்தப் பெயரோடு அண்ணி வீட்டில் மாட்டுக்கொட்டகைப் பக்கம் படுத்து எழுந்து சாகவேண்டும். அதனால் ரங்கூனில் எதைப் பார்த்தாலும் விழுங்கிக்கொள்வது என்று தீர்மானித்துக்கொண்டுதான் இறங்கினேன். வயிறுதான் கேட்கவில்லை.

வந்து ஒரு மாதம் ஆகும்போது ஒருநாள் ராத்திரிச் சோற்றையும் நான் கக்கியபோது அவர் சொன்னார்.

"ஒனக்கு இந்த ஊரு ஒத்துக்கல நீலா. புதன்கிழமை கப்பல் இருக்கு. ஏத்தி விட்டுடறேன். ஒடம்பு தேறட்டும், பெறகு பாத்துக்கலாம்."

ரொம்பக் கருணையோடுதான் சொன்னார். எனக்கு வயிற்றில் இருந்த குமட்டல் போய்ப் பயம் வந்து உட்கார்ந்தது.

"ஊரு ஒத்துக்காம இல்லீங்க. இந்தச் சந்து நாத்தம்தான். ரெண்டு நாள் நல்ல காத்து பட்டா சரியாயிடும். சனிக்கிழமை சனிக்கிழமை நெல்லுப் பாக்கப் போறீங்களே, அந்த ஊருக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க."

ஒவ்வொரு சனிக்கிழமையும் பாதி நாள் ஆபீஸ் முடிந்ததும் அவர் த்வாண்டே என்கிற ஊருக்கு லாஞ்சுப் படகு ஏறிவிடுவார். ஆலைக்கு நெல் பார்க்கும் வேலையாம். ஞாயிறு பொழுது சாய்ந்துதான் திரும்புவார். நான் கேட்டதும் வெற்றிலை மெல்லும் தாடை நின்றது. என்னைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். பிறகு என்னத்தையோ கணக்குப் போட்டு முடித்தவர் போல மறுபடி மெல்லத் தொடங்கினார்.

"அங்க தெரிஞ்ச வீடு ஒண்ணு இருக்கு. தங்கலாம். சமைக்க ஒரு பர்மாக்காரி இருக்கா. அவகிட்ட நீ பேச்சு வச்சுக்க வேணாம், அவளுக்கு ஒண்ணும் புரியாது. ஆனா ஒண்ணு. அங்கயும் வாந்தி எடுத்தேன்னா புதன்கிழமைக் கப்பல்தான். சரிதானே?"

"சரிங்க" என்றேன்.

லாஞ்சில் கோழிகள், வாத்துகள், நாப்பிக் கூடைகள், மனிதர்கள் எல்லாரும் ஒரே தளத்தில். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவி சுருட்டுப் பிடித்தாள். கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு சுருட்டு. அதை வாயிலிருந்து எடுத்துப் பக்கத்தில் இருந்த பேத்திக்கு ஓர் இழுப்புக் கொடுத்து, மறுபடியும் தன் வாயில் வைத்துக்கொண்டாள். எதிரில் ஒருவன் துப்பிய வெற்றிலைச் சாறு காற்றில் திரும்பி வந்து என் புடவையில் விழுந்தது. நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் அவ்வப்போது திரும்பி, "குமட்டுதா?" என்று கேட்டுக்கொண்டார். "இல்லீங்க" என்றேன். கேட்கும்போது அவர் முகத்தில் ஓர் ஆசை தெரிந்தது. அக்கறை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

த்வாண்டேயில் கால்வாய்க் கரையில் பலகை போட்டு இறக்கிவிட்டார்கள். ஐப்பசி மாதம், மழை விட்டும் விடாத சேறு. பலகையிலிருந்து கால் தவறி முழங்கால் வரை இறங்கிவிட்டேன். இழுத்தபோது சேறு என் காலை விடமாட்டேன் என்று சத்தம் போட்டது. வெளியே வந்த காலில் கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டு நெளிந்தது. அட்டை. அவர் குடையைப் பிடித்துக்கொண்டு, வேட்டி நனையாமல், வரப்பில் முன்னால் போய்க்கொண்டிருந்தார். இதுதான் நான் கேட்டு வாங்கிய நல்ல காற்று.

வீடு மூங்கில் தோப்புக்குள் மரக்கால்களின் மேல் நின்றது. கீழே பானைகள் அடுக்கியிருந்தன, பன்றி ஒன்று குட்டிகளோடு படுத்திருந்தது. படியில் ஒரு பெண் நின்றிருந்தாள். என் வயதுதான் இருக்கும். கன்னத்தில் தனாக்கா மரப்பட்டையை அரைத்த சந்தனம் வட்டமாக, கொண்டையில் பூ. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து இறங்கி ஓடிவந்தாள். அவள் பெயர் மா டின் என்று அவர் சொன்னார். அவள் சேற்றில் மண்டியிட்டு, சுருட்டுப் புகையிலையை எச்சிலில் குழைத்து அட்டையின் மேல் தடவ, அது சுருண்டு விழுந்தது. பிறகு தண்ணீர் கொண்டுவந்து என் காலைக் கழுவினாள். நான் காலை இழுத்துக்கொண்டேன். என் காலில் அவள் எச்சில் என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவள் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் நன்றாகச் சிரித்தாள்.

அவரை அவள் "கோ சபா" என்று கூப்பிட்டாள்.

"அதென்னங்க கோ?"

"ஐயான்னு அர்த்தம்" என்றார்.

பெரிய ஐயா. ஆனால் ஐயாவுக்குத் துண்டு எங்கே தொங்குகிறது என்று ஐயாவுக்கே தெரிந்திருந்தது. கை நீட்டி எடுத்துக்கொண்டார். வாரம் தவறாமல் வருகிறவர்தானே என்று நானும் விட்டுவிட்டேன். அன்று இரவு நான் கட்டிவந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு அவர் முன்கட்டில் பாயை விரித்துப் படுத்தார். உள்ளே நான் ஒரு மூலை, அவள் ஒரு மூலை. கொசு, பலகை இடுக்கு வழியே பன்றி வாடை, அடுப்படியிலிருந்து நாப்பி. எச்சிலை விழுங்கி விழுங்கித் தொண்டை வலித்தது. ஆனால் வாந்தி எடுக்கவில்லை.

காலையிலும் அவர் கேட்டார். "ராத்திரி வாந்தி வரலியா?"

"வரலீங்க."

"ம்" என்றார். அவ்வளவுதான்.

ஞாயிறு மதியம் அடுப்படியிலிருந்து பெருங்காய வாடை வந்தது. எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. எட்டிப் பார்த்தேன். மா டின் சாம்பார் கொதிக்க வைத்திருந்தாள். முருங்கைக்காய், சின்ன வெங்காயம், கடுகு தாளித்துக் கருவேப்பிலை. நாப்பிச் சட்டியைத் தனியாக, தொலைவில், மூடி வைத்திருந்தாள். எங்கள் அண்ணி அவ்வளவு பதமாகச் சாம்பார் வைத்து நான் பார்த்ததில்லை.

"யாருங்க இவளுக்குச் சொல்லிக் குடுத்தது?"

"தமிழாளுங்க வர்றதும் போறதுமா இருக்கிற வீடு. கத்துக்கிட்டா" என்று அவர் பலகையில் உட்கார்ந்தார். மா டின் வாழையிலையை விரித்தாள். நுனி அவருக்கு இடப்பக்கம். தண்ணீர் தெளித்துத் துடைத்து, உப்பை முதலில் வைத்தாள்.

அவர் சாப்பிடுவதைப் பார்ப்பது ஒரு தண்டனை. சாம்பாரை அள்ளி முழங்கை வரை வழியவிடுவார். முருங்கைக்காயைக் கடைவாயில் வைத்து நசுக்கி உறிஞ்சி, சக்கையை இலை ஓரத்தில் குவிப்பார். மோர் ஊற்றியதும் இலையை வழித்து நக்காத குறையாகச் சத்தம் போடுவார். கலியாணமான புதிதில், அவர் எழுந்த இலையில்தான் நான் சாப்பிட வேண்டும் என்று மாமியார் உட்கார வைத்தாள். அவர் மிச்சம் வைத்த சோற்றில் முதல் கவளத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போடவேண்டும். பிறகுதான் என் சோறு. பத்தினிக்கு அது அமிர்தம் என்பாள். எனக்கு அந்தச் சக்கைக் குவியலைப் பார்த்தாலே குடல் வாய்க்கு வரும். நாலு மாதமும் கண்ணை மூடிக்கொண்டு தின்றேன். ரங்கூனில் பீங்கான் தட்டு, கழுவிக் கவிழ்த்துவிடலாம். அந்தத் தொல்லை விட்டது என்று சந்தோஷப்பட்டிருந்தேன்.

அவர் ஏப்பம் விட்டு எழுந்தார். இலையை மடிக்கவில்லை. மடிக்காமல் எழுந்தால் அந்த இலைக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். கை கழுவி, வெற்றிலைப் பெட்டியோடு படியிறங்கி மூங்கில் நிழலுக்குப் போய்விட்டார்.

சரி, நமக்குத்தான் வைத்துவிட்டுப் போகிறார் என்று நினைத்தேன். இதையும் தின்று, வாந்தியும் எடுக்காமல் இருந்துவிட்டால் புதன்கிழமைக் கப்பலைப் பற்றி இனிப் பேச வாயிருக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு பின்பக்கம் போய்க் கை கால் கழுவிவிட்டு வந்தேன்.

வந்து பார்த்தால் அந்த இலையின் முன்னால் மா டின் உட்கார்ந்திருந்தாள்.

பசி தாங்காத வேலைக்காரி என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வேலைக்காரி எச்சில் இலையை எடுத்து எறிவாள், பானையில் மிச்சம் இருப்பதைத் தன் தட்டில் போட்டுத் தின்பாள். இவள் தோளில் கிடந்த துண்டை இழுத்து மாராப்பாகப் போர்த்தியிருந்தாள். அவர் மிச்சம் வைத்த சோற்றிலிருந்து ஒரு சின்னக் கவளத்தை எடுத்தாள். கண்ணில் ஒற்றினாள், வலது கண், இடது கண். வாயில் போட்டுக்கொண்டாள். அப்புறம்தான் தனக்குச் சோறு போட்டுக்கொண்டாள். பர்மாவில் பிறந்த எவளுக்கும் அது தானாகத் தெரிய வழியில்லை. என் மாமியார் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை அவள் பிள்ளை இங்கே இவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எதிரில் எனக்காக ஒரு புது இலை, சுத்தமாக, எல்லாம் பரிமாறி வைத்திருந்தாள்.

"வா, நாத்தனா" என்றாள். அந்தச் சொல்லைப் பல நாள் சொல்லிப் பழகியிருக்க வேண்டும், அவ்வளவு திருத்தமாக வந்தது. "ஒக்காரு. சோறு தின்னு. கோ சபா தங்கச்சி."

என்னிடம் அவள் சமையல்காரி. அவளிடம் நான் தங்கச்சி. இரண்டு பேருக்கும் பேச ஒரு பாஷை கிடையாது என்கிற தைரியத்தில் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து போட்டிருக்கிறார். சேறும் அட்டையும் நாப்பியும் சேர்ந்து என்னை வாந்தி எடுக்க வைத்துவிடும், நான் கப்பலேறிவிடுவேன், இவள் நாத்தனாரை வழியனுப்பி வைப்பாள். வழியெல்லாம் "குமட்டுதா, குமட்டுதா" என்று கேட்டது அதற்குத்தான்.

எனக்கு அழுகை வரவில்லை. அருவருப்புத்தான் வந்தது. அட்டையிடம் வராத அருவருப்பு, நாப்பியிடம் வராத அருவருப்பு. அவளிடம் சொல்லவேண்டும் என்று இருந்தது, எப்படிச் சொல்வது? அவளுக்குத் தெரிந்த தமிழ் சோறும் தண்ணீரும். எனக்குத் தெரிந்த பர்மா பாஷை அதுவும் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாகத் தெரிந்தது அந்த இலை ஒன்றுதான்.

நான் புது இலையில் உட்காரவில்லை. அவள் பக்கத்தில் போய்ச் சம்மணம் போட்டேன். மாராப்பை இழுத்துப் போர்த்தினேன். மோர் ஊறிய அந்த மிச்சச் சோற்றில், முருங்கைச் சக்கைக்குப் பக்கத்தில், அவள் கை வைத்த இடத்திலேயே என் கையை வைத்தேன். ஒரு கவளம் எடுத்தேன். வலது கண்ணில் ஒற்றினேன், இடது கண்ணில் ஒற்றினேன். வாயில் போட்டுக்கொண்டேன். அவர் எச்சில், அவள் எச்சில், ஆறு வருஷத்துப் பொய், எல்லாம் சேர்ந்து புளித்தது. மென்று, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்கினேன்.

அவள் கை இலைக்கு மேலே நின்றுவிட்டது. என் வாயைப் பார்த்தாள். என் கழுத்தில் தாலியைப் பார்த்தாள்.

"தங்கச்சி?" என்றாள்.

"பொஞ்சாதி" என்றேன்.

அந்தச் சொல் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் தன் மார்பில் விரலை வைத்து, "பொஞ்சாதி" என்றாள். நானும் என் மார்பில் விரலை வைத்தேன்.  பிறகு அவள் வாயைப் பொத்திக்கொண்டு முன்கட்டுக்கு ஓடினாள். நான் பின்கட்டுக்கு ஓடினேன். ரங்கூனில் சேர்ந்தது, லாஞ்சில் சேர்ந்தது, ராத்திரி முழுக்க விழுங்கி வைத்தது, எல்லாவற்றையும் கக்கினேன்.

சத்தம் கேட்டு அவர் படியேறி வந்தார். முதலில் என்னைத்தான் பார்த்தார்.

"பாத்தியா, வாந்தி எடுத்துட்டே! நான் சொன்னேன்ல?" என்று தொடங்கியவர், முன்கட்டில் அவள் வாய் கொப்பளிப்பதைப் பார்த்தார், இலையில் இரண்டு கை போட்ட தடத்தைப் பார்த்தார். முகம் வெளுத்தது. ஆனால் நாக்குக்கு வேலை போகவில்லை.

"நீ ஒண்ணும் தப்பா நெனச்சுக்காத நீலா. அவ சமையக்காரி. எச்சிலையப் பொறுக்கித் திங்கற சனம், அதுக்கு என்ன தெரியும்?" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அதே மூச்சில் அவள் பக்கம் திரும்பிப் பர்மா பாஷையில் தேன் மாதிரி என்னவோ பேசினார். "மா டின், மா டின்" என்று கெஞ்சலாக வந்தது.

சமையக்காரி என்ற சொல்லும் அவளுக்குத் தெரிந்திருந்தது.  உள்ளே போனாள். அவர் துண்டு, அவர் கைலி, சட்டை, சவரப் பெட்டி, குடை, ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து படியிலிருந்து கீழே போட்டாள். எறியவில்லை, போட்டாள். வீடு அவளுடையது என்று அவளுடைய நிதானத்திலேயே தெரிந்தது. கடைசியில் இலையை அப்படியே சுருட்டி எடுத்து வந்து கீழே போட்டாள். பன்றி எழுந்து வந்தது.

 அணைத்துக்கொண்டு அழுதோம் என்றெல்லாம் நான் பொய் சொல்லமாட்டேன். என்னைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை, எனக்கும் அவளைப் பார்க்கக் கூசியது. ஒரு செம்புத் தண்ணீரை என் பக்கத்தில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தாழ் விழுந்தது.

மாலை லாஞ்சில் எங்களுக்கு உட்கார இடம் கிடைத்தது. அவர் மடியில் துணி மூட்டை.  லாஞ்சு கரையை விட்டதும் வெற்றிலை போட்டுக்கொண்டார். சுண்ணாம்பு தடவி, நரம்பு கிள்ளி, ஒன்றுமே நடக்காதது போலப் பதமாக மடித்தார். இரண்டு மெல்லு மென்றதும் தெம்பு வந்துவிட்டது.

"போனா போறா" என்றார். "நீதான் இருக்கியே."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். வாரம் தவறாமல் அவளிடம் சோறு தின்றவர். அந்த வீட்டு மூங்கில் தோப்பு இன்னும் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது. வாந்தி எடுத்து நான் புதன்கிழமை போயிருந்தால், இதே வாயால், இதே வெற்றிலையோடு, அங்கே உட்கார்ந்து என்னையும் போனா போறா என்றிருப்பார். பொய்யைக்கூட எப்படியாவது விழுங்கியிருப்பேனோ என்னவோ, விழுங்கத்தானே வளர்த்திருக்கிறார்கள். இதை என்னால் விழுங்க முடியவில்லை.

"புதன்கிழமைக் கப்பலுக்கு டிக்கெட்டு வாங்கிடுங்க" என்றேன்.

"எதுக்கு? அதான் இனிமே ஒண்ணும் இல்லியே. நீ இங்கயே இரு. நல்ல தெருவாப் பாத்து வேற வீடு புடிக்கிறேன்."

"ஒரு டிக்கெட்டு போதும்."

அவர் சிரிக்கப் பார்த்தார். "ஒங்கண்ணன் என்ன சொல்லி அனுப்பினாருன்னு மறந்துட்டியா? தனியாப் போய் எறங்கினா வாழாவெட்டின்னு ஊரே பேசும் நீலா."

"பேசட்டும்" என்றேன். "நான் ஏன் வந்தேன்னு ஊரு கேக்குமில்ல? அப்ப நானும் பேசுவேன். ஒங்க அம்மாகிட்டதான் மொதல்ல போய் உக்காருவேன். அவுங்க குடுத்த எல உரிமையை எத்தினி பேருக்குப் பங்கு வச்சிருக்கீங்கன்னு அவுங்களுக்குத் தெரிய வேணாமா?"

அவர் மெல்லுவது நின்றது. வெற்றிலைச் சாறு கடைவாயில் வழிந்து வெள்ளைச் சட்டையில் சொட்டியதுகூட அவருக்குத் தெரியவில்லை. ஆறு வருஷமாகப் பாராத மனிதர், இந்த ஒரு மாதமும் முகத்தை நேராகக் காட்டாத மனிதர், அப்போதுதான் என்னை முழுசாகப் பார்த்தார்.

"அம்மாவுக்குத் தெரிய வேணாம் நீலா" என்றார். "அவங்க செத்துருவாங்க."

நான் அவர் பக்கத்திலிருந்து எழுந்தேன். கோழிக் கூடைகளுக்கும் சுருட்டுப் பிடிக்கிற பெண்களுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே போய் உட்கார்ந்துகொண்டேன்.